குடியிருந்துகொண்டே வீட்டைப் புதுப்பிப்பது: 74 வயது அம்மாவை வைத்துக்கொண்டு முடியுமா?

திருநகர்க்காரன் | ஜனவரி 12

எல்லோருக்கும் வணக்கம். மதுரை திருநகரில் எங்கள் வீடு. அப்பா 1986-ல் கட்டியது. 900 சதுர அடி, தரைத்தளம் மட்டும், கான்கிரீட் தளம், உள்ளே முழுக்க ரெட் ஆக்சைடு (சிவப்பு சிமெண்ட்) தரை. அப்பா இப்போது இல்லை. அம்மா, நான், மனைவி, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் என்று நான்கு பேர் இருக்கிறோம்.

பிரச்சினைகளைச் சொல்கிறேன். பின் அறையில் மேற்பூச்சு பெயர்ந்து விழுந்து, கம்பி வெளியே தெரிகிறது. குழாயில் காலையில் முதலில் வரும் தண்ணீர் மஞ்சளாக இருக்கிறது. மோட்டாரும் ஏசியும் சேர்ந்து ஓடினால் ஃப்யூஸ் போய்விடுகிறது. குளியலறைக்கு ஒரு படி இறங்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, போன ஐப்பசியில் அங்கேதான் வழுக்கி விழுந்தார். நல்ல வேளை, எலும்பு முறியவில்லை. அன்றுதான் இனி தள்ளிப்போடக் கூடாது என்று முடிவெடுத்தோம். பூஜை அறைச் சுவரில் உப்புப் பூத்துக்கொண்டே இருப்பது தனிக்கதை. ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிக்கிறோம், ஆடிக்குள் திரும்ப உதிர்கிறது.

அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்துவிட்டுப் பெரிய அடுப்படி ஆக்க வேண்டும், வீடு முழுக்க டைல்ஸ் போட வேண்டும் என்பது என் ஆசை. கையில் 8 லட்சம் இருக்கிறது.

கேள்வி இதுதான். வாடகை வீட்டுக்குப் போய்விட்டு வேலையைப் பார்ப்பதா, இருந்துகொண்டே பார்ப்பதா? அம்மா வெளியே வரச் சம்மதிக்கவில்லை. "அப்பா தூக்கிவைத்த நிலையைத் தாண்டி நான் எங்கேயும் போகமாட்டேன்" என்கிறார். எனக்கும் வற்புறுத்த மனம் வரவில்லை.


கொத்தனார் மகள் | ஜனவரி 12

நான் திருச்சி, கட்டடப் பொறியாளர். தம்பி, டைல்ஸை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது தலைக்கு மேலே.

கம்பி தெரிகிறது என்றால் துரு பிடித்துவிட்டது என்று பொருள். துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும். உள்ளேயிருந்து நெட்டித் தள்ளித்தான் சிமெண்ட் விழுகிறது. மேலே பூசி மூடினால் அடுத்த ஆண்டு இன்னும் பெரிய துண்டாக விழும். தளர்ந்ததை முழுக்கக் கொத்தி, கம்பியின் பின்பக்கம் வரை திறந்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலவை வைத்து நிரப்ப வேண்டும். கம்பி மிகவும் மெலிந்திருந்தால் பக்கத்திலேயே புதுக் கம்பி சேர்க்க வேண்டும். அந்த முடிவை ஒரு பொறியாளர் நேரில் பார்த்துத்தான் எடுக்கலாம். கொத்தும்போது கீழே முட்டு கொடுத்திருக்க வேண்டும்.

அதற்கும் முன்னால், தண்ணீர் எங்கிருந்து இறங்குகிறது என்று மாடியில் ஏறிப் பாருங்கள். நோய் மேலே இருக்கும்போது கீழே மருந்து போட்டுப் பயனில்லை.

அந்த நடுச்சுவர் எத்தனை அங்குலம்? 9 அங்குலம் என்றால் தளம் அதன்மேல் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதை முழுதாக எடுக்கக் கூடாது. லிண்டல் (மேலே சுமை தாங்கும் உத்திரம்) கொடுத்து நான்கடியில் ஒரு திறப்பு விடலாம். வெளிச்சமும் காற்றும் வந்துவிடும், பாத்திரமும் கை மாறும்.


தாம்பரம் தாத்தா | ஜனவரி 13

தம்பி, நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன். வெளியே போய்விடுங்கள். நாங்கள் 2019-ல் இருந்துகொண்டே செய்தோம். மூன்று மாதம் என்றார்கள், ஏழு மாதம் ஆயிற்று. சோற்றில் தூசி, படுக்கையில் தூசி. என் மனைவிக்கு அந்த ஏழு மாதமும் இருமல் நிற்கவே இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை. பணம் மிச்சம் என்று நினைத்துத்தான் இருந்தோம். மருந்துக்கும் ஓட்டல் சாப்பாட்டுக்கும் அது போய்விட்டது.


கோவை மாடிவீடு | ஜனவரி 13

ஐயா சொல்வது சரி, ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாங்கள் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டுப் போனோம். வாரத்தில் மூன்று நாள்தான் ஆள் வந்தது. குளியலறைத் தரையில் எந்தப் பக்கம் சரிவு கொடுத்தார்கள் என்று பார்க்க யாருமில்லை. இன்றைக்கும் தண்ணீர் வாசல் பக்கம்தான் வருகிறது, தினமும் தள்ளிவிட்டுக்கொண்டிருக்கிறோம். வீட்டில் ஒருவர் இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.


சேலம் ஒயர்மேன் | ஜனவரி 14

அண்ணா, ஃப்யூஸ் போவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1986 வீட்டு ஒயர் ஏசிக்காகப் போட்டதில்லை. முழுக்க மாற்றிவிடுங்கள். விளக்கு, விசிறிக்கு 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர், பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 ஸ்கொயரில் தனித்தனி லைன். அடுப்படிக்கும் தனி லைன் கேளுங்கள். மிக்சி, கிரைண்டர், ஓவன் எல்லாம் அங்கேதான் ஓடுகிறது.

அப்புறம் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர். எம்சிபி (லோடு கூடினால் விழும் சுவிட்ச்) ஒயரைக் காப்பாற்றும், ஆர்சிசிபிதான் ஆளைக் காப்பாற்றும். இரண்டும் வேண்டும். எர்த் சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சுவரில் பைப்பும் ஒயரும் பதிக்கக் காடி வெட்டும்போது நேர் செங்குத்தாக வெட்டட்டும். நாலரை அங்குலச் சுவரில் குறுக்கே நீளமாக வெட்டினால் சுவர் பலம் போய்விடும். பைப்பும் ஒயரும் போட்டபின், பூச்சு வேலைக்கு முன்னால், ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பை வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் கழித்து ஆணி அடிக்கும்போது என்னை நினைப்பீர்கள்.


காரைக்குடிக்காரி | ஜனவரி 15

ரெட் ஆக்சைடு தரையை மட்டும் உடைத்துவிடாதீர்கள் தம்பி! கெஞ்சிக் கேட்கிறேன். நாற்பது வருடம் கால் பட்டு வழவழப்பான தரை அது. வெயில் காலத்தில் அதன்மேல் படுத்தவர்களுக்குத்தான் அருமை தெரியும். இன்றைக்கு அதே நேர்த்தியில் போடும் கை கிடைப்பது கஷ்டம்.

அதன்மேலேயே டைல்ஸ் ஒட்டலாம் என்பார்கள். தரை ஒரு அங்குலமாவது உயரும். எல்லாக் கதவும் அடியில் அறுக்க வேண்டிவரும், அறைக்கு அறை மேடு பள்ளம் வரும். முழங்கால் வலி உள்ளவருக்கு அந்தச் சின்ன மேடுதான் ஆபத்து.

பைப் போட எங்காவது தரையை வெட்டத்தான் வேண்டும், வெட்டிய இடத்தில் புதுச் சிவப்பு பழையதோடு ஒட்டாது. அந்த இடத்துக்கு மட்டும் ஆத்தங்குடிக் கல் பதியுங்கள். கண்ணாடி மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. சிமெண்ட் கல் என்பதால் ஆசிட் மட்டும் எந்தக் காலத்திலும் ஊற்றக் கூடாது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து வந்தால் வருடம் ஏற ஏறப் பளபளக்கும்.


திருநகர்க்காரன் | ஜனவரி 19

எல்லோருக்கும் நன்றி. அந்தச் சுவரை அளந்தேன், 9 அங்குலம்தான். முழுதாக எடுக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன்.

மாடியில் ஏறிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. மேல்தொட்டி நிரம்பி வழியும் குழாய், நேராக மாடித் தரையில் பதித்த தட்டோட்டின் மேல் ஊற்றிக்கொண்டிருக்கிறது. எத்தனை வருடமாகவோ. ஓட்டு இணைப்புகள் எல்லாம் திறந்து கிடக்கின்றன. பின் அறைக்கு நேர் மேலே.

நாங்கள் எடுத்த முடிவு: வீட்டைக் காலி செய்யப் போவதில்லை, ஆனால் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் திறக்கவும் போவதில்லை. எந்த நாளிலும் ஒரு கழிப்பறை, ஓர் அடுப்பு, கதவு சாத்திப் படுக்க ஓர் அறை இவை மூன்றும் நடப்பில் இருக்க வேண்டும். இதில் ஒன்று இல்லையென்றால் அன்று உடைப்பு வேலை கிடையாது. மனைவி எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். மகளின் பரீட்சை ஏப்ரலில் முடிந்ததும் ஆரம்பம். கூரை கொத்தும் பத்து நாள் மட்டும் அம்மாவை அக்கா வீட்டுக்கு அனுப்புகிறோம். பேத்தியைப் பார்க்க என்று சொன்னதும் சம்மதித்துவிட்டார்.

கான்ட்ராக்டர் 40 சதவீதம் அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா?


கொத்தனார் மகள் | ஜனவரி 19

கொடுக்காதீர்கள். 10 சதவீதம் போதும். மீதியை முடிந்த வேலைக்கு முடிந்த வேலை என்று பிரித்து எழுதுங்கள். கூரை முடிந்தால் இவ்வளவு, பைப் அழுத்தச் சோதனை முடிந்தால் இவ்வளவு, பூச்சு முடிந்தால் இவ்வளவு. கடைசி 10 சதவீதம் ஒரு நல்ல மழை பெய்து கூரை கசியவில்லை என்று தெரிந்தபின். சாமான் நீங்களே வாங்கிக் கொடுத்து, லேபர் மட்டும் அவரிடம் விடுவது உங்கள் அளவு வேலைக்கு நல்லது.

8 லட்சம் என்றால் ஆறரைக்குத் திட்டம் போடுங்கள். மிச்சம் ஒன்றரை, சுவருக்குள்ளிருந்து என்ன வரும் என்று தெரியாததற்கு.


கூடலூர் கணக்குப்பிள்ளை | ஜனவரி 20

கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் ஒரு சின்னத் தகவல். குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க வாங்கும் கடனின் வட்டிக்கு, பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் வருடத்துக்கு 30,000 ரூபாய் வரை கழிக்கலாம். புது வீடு வாங்கும் கடனுக்கு உள்ள 2 லட்சம் என்று நினைத்துக் கணக்குப் போட்டுவிட வேண்டாம்.


திருநகர்க்காரன் | மே 9

நீண்ட நாள் கழித்து வருகிறேன். வேலை ஏப்ரல் 20-ல் ஆரம்பித்தது. சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு வாரம் ஆள் வரவில்லை. மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் கரணை பிடி என்று யாரிடமும் சொல்ல முடியாது, நாங்களும் போய்வந்தோம்.

கூரை முடிந்தது. பொறியாளர் வந்து பார்த்து, மூன்று கம்பிகளுக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்கச் சொன்னார். மாடியில் பழைய தட்டோட்டை எடுத்து, சரிவு திருத்தி, புதிதாகப் பதித்தாயிற்று. தொட்டி வழியும் குழாயை மழைநீர்க் குழாயோடு சேர்த்துவிட்டோம்.

அடுப்படி இப்போது முன் வராந்தாவில். ஒரு மேஜை, இண்டக்‌ஷன் அடுப்பு, அஞ்சறைப்பெட்டி, இரண்டு குடம். குக்கர் சோறு, ரசம், ஒரு துவையல், அவ்வளவுதான். கூடத்துக்கும் உடைக்கும் அறைக்கும் நடுவில் தார்பாய் கட்டி, அடியில் ஈரச் சாக்கைச் சுருட்டி வைத்திருக்கிறோம். தாத்தா ஐயா சொன்னதை மறக்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலை நின்றதும் ஈரத்துணியால் துடைத்த பிறகுதான் அம்மா கூடத்துக்கு வருவார். துடைப்பம் போட்டால் தூசி திரும்பப் பறக்கிறது, ஈரத்துணிதான் சரி.

நேற்று குளியலறையை உடைத்தோம். அங்கே ஒன்று கண்டோம். கழிவுநீர்க் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் விரிசல். குளித்த தண்ணீரில் ஒரு பங்கு சுவருக்கு அடியிலேயே இறங்கியிருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் பூஜை அறை. பத்து வருடமாக வெள்ளையடித்த அந்த உப்புச் சுவருக்குக் காரணம் இதுதான். அம்மா ஊரிலிருந்து வந்து பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சாமி இருக்கிற சுவரில் சாக்கடைத் தண்ணீரா" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.


காரைக்குடிக்காரி | மே 9

அம்மாவிடம் சொல்லுங்கள், கண்டுபிடித்தாயிற்று, இனி அந்தச் சுவர் காய்ந்துவிடும். ஆனால் அவசரப்படாதீர்கள். ஈரம் ஏறிய உயரத்துக்கு மேல் இன்னும் ஓரடி வரை பூச்சைக் கொத்திவிட்டு, செங்கல் தெரிய அப்படியே விடுங்கள். ஒரு மாதமாவது காற்றாடட்டும். ஈரத்தின் மேல் எந்த விலையுயர்ந்த பெயிண்டும் நிற்காது. எங்கள் பாட்டி வீட்டில் சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசி மூடினார்கள். உள்ளே இருந்த ஈரத்துக்கு வழியில்லாமல் ஆளுயரத்துக்கு ஏறியது. கடைசியில் எல்லாவற்றையும் கொத்தி எடுத்துத் திரும்பச் சுண்ணாம்பே பூச வேண்டியதாயிற்று.


கொத்தனார் மகள் | மே 10

குளியலறையில் இப்போது செய்வது இன்னும் முப்பது வருடத்துக்கு. இந்தப் பதிவைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

உள்ளே இறங்கும் படியை எடுத்துவிடுங்கள். கூடத்துத் தரைக்கும் குளியலறைத் தரைக்கும் அரை அங்குல வித்தியாசம் போதும். தண்ணீர் வெளியே வராமல் இருக்க, நானி டிராப்பை (தரைத் தண்ணீர் வடியும் துளை) வாசலுக்கு எதிர்மூலையில் வைத்து, அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுங்கள். ரசமட்டம் வைத்துப் பாருங்கள், கண்ணால் பார்த்து நம்ப வேண்டாம்.

கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே தடுத்துவிடும். கதவு இரண்டரை அடிக்குக் குறையக் கூடாது, மூன்று கிடைத்தால் நல்லது. கைப்பிடிக் கம்பியை டைல்ஸ் போட்டபின் யோசிக்காதீர்கள். எங்கே வரும் என்று அம்மாவை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, எழுந்திருக்கச் சொல்லி, கை எங்கே தேடுகிறதோ அங்கே கோடு போடுங்கள். தரைக்குப் பளபளப்பில்லாத, சொரசொரப்பான டைல்ஸ்.

இதைவிட முக்கியம்: நீர்த்தடுப்புப் பூச்சு காய்ந்தபின் டிராப்பை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, 48 மணி நேரம் விடுங்கள். அதற்குப் பிறகுதான் டைல்ஸ். கொத்தனார் வேண்டாம் என்பார். விட்டுக்கொடுக்காதீர்கள்.


சிவகாசி அப்பா | மே 11

வீட்டில் பிள்ளை இருப்பதால் ஒரு வார்த்தை. பழைய நிலை, ஜன்னல்களில் இருக்கும் எனாமல் பெயிண்டை உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள். நம் நாட்டில் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம். நனைத்துத் தேய்த்து, அந்தச் சகதியைத் துணியில் வழித்து எடுக்கச் சொல்லுங்கள். கொல்லைப்புறத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதையும் அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுதாக இறக்க வேண்டும். அந்த நார் நுரையீரலுக்கு ஆகாது.


திருநகர்க்காரன் | மே 24

அக்கா, நீங்கள் சொன்னபடியே நடந்தது. "நாற்பது வருஷமா வேலை பார்க்கிறேன், தண்ணி கட்டிப் பார்க்கச் சொன்ன முதல் வீடு இதுதான்" என்றார் கொத்தனார். டைல்ஸ் போடும் ஆள் மறுநாள் காலை வருவதாக ஏற்பாடு. நிறுத்தினால் இரண்டு நாள் கூலி வீண் என்றார். இரண்டு நாள் கூலியை நான் தருகிறேன், தண்ணீர் நிற்கட்டும் என்று சொல்லிவிட்டேன். சத்தம் போடாமல்தான் சொன்னேன், ஆனால் உள்ளுக்குள் பயம்தான். அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டால் வேலை அப்படியே நின்றுவிடும்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கோடு போட்டோம். காலையில் தண்ணீர் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இருந்தது. ஆவியாகியிருக்கும் என்றார். ஜன்னலைக்கூடச் சாத்தி வைத்திருந்த அறையில் ஒரு ராத்திரியில் அவ்வளவு ஆவியாகுமா? மதியத்துக்குள் இன்னும் இறங்கியது. தண்ணீரை எடுத்துவிட்டு அவரே குனிந்து தேடினார். வாஷ்பேசின் கழிவுக் குழாய் தரையில் இறங்கும் இடத்தைச் சுற்றி, பூச்சு சரியாக ஏறாமல் ஒரு மெல்லிய வளையம் மாதிரி இடைவெளி. திரும்பக் கொத்தி, வலைத்துணி வைத்து இரண்டு கை பூசினார். மறுபடி தண்ணீர். இந்த முறை 48 மணி நேரமும் கோடும் தண்ணீரும் பிரியவில்லை.

டைல்ஸ் போட்டு மூடியிருந்தால் பூஜை அறைச் சுவர் திரும்ப நனையத் தொடங்கியிருக்கும், எங்களுக்குக் காரணமும் தெரிந்திருக்காது.


தாம்பரம் தாத்தா | மே 25

நல்ல காரியம் செய்தீர்கள் தம்பி. அம்மா எப்படி இருக்கிறார்கள்? குளியலறை இல்லாத நாட்களை எப்படிச் சமாளித்தீர்கள்?


திருநகர்க்காரன் | மே 25

ஐயா, கொல்லையில் பழைய கழிப்பறை ஒன்று பயன்படுத்தாமல் கிடந்தது. முதல் வேலையாக அதைச் சுத்தம் செய்து, விளக்குப் போட்டு, தண்ணீர் இழுத்தோம். அம்மாவால் தரையில் உட்கார முடியாது என்பதால் கமோட் நாற்காலி ஒன்று வாங்கி உள்ளே வைத்தோம். இரவில் அவர் படுக்கும் அறையிலேயே ஒரு மூலையில் திரை கட்டி நாற்காலியை மாற்றி வைத்துவிடுவோம். இன்றோடு 18 நாள். அம்மா முதல் இரண்டு நாள் வெட்கப்பட்டார். பிறகு மகள் அவர் கூடவே படுத்துக்கொண்டாள், எல்லாம் சரியாகிவிட்டது.

கஷ்டமான நாள் இல்லாமல் இல்லை. ஒரு வாரம் முன்பு, வராந்தாவில் மழைச்சாரல் அடித்து அடுப்பு நனைந்தது. அன்று அலுவலகத்திலிருந்து வந்த மனைவி, "எனக்கு ஒரு மூலையாவது சுத்தமாக வேண்டும்" என்று உட்கார்ந்து அழுதார். மறுநாள் ஒரு நாள் வேலையை நிறுத்தினோம். படுக்கும் அறையைக் கழுவி, சாமான் மூட்டைகளை எல்லாம் மாடிக்கு ஏற்றி, நான்கு பேரும் நிம்மதியாகச் சாப்பிட்டோம். ஒரு நாள் கூலி போனது. எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை.


சேலம் ஒயர்மேன் | ஜூன் 2

பைப் அழுத்தச் சோதனை பார்த்தீர்களா அண்ணா? பூசுவதற்கு முன்னால் கண்டிப்பாகப் பாருங்கள். வெந்நீர் லைன், சூடு தாங்கும் பிளாஸ்டிக் பைப்பான சிபிவிசிதானே?


திருநகர்க்காரன் | ஜூன் 3

பார்த்தோம் தம்பி. பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை முழுக்க எடுத்துவிட்டோம். அதை அறுத்தபோது உள்ளே துரு அடைத்து, சுண்டுவிரல் நுழையும் அளவுதான் வழி இருந்தது. மஞ்சள் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. வெந்நீருக்கு சிபிவிசிதான். அழுத்தம் ஏற்றி ஓர் இரவு விட்டதில் அழுத்தமானி முள் இறங்கவில்லை. டேப் வைத்து 62 போட்டோ எடுத்திருக்கிறேன், மகள் சுவர் வாரியாகப் பெயரிட்டு வைத்திருக்கிறாள்.


திருநகர்க்காரன் | ஆகஸ்ட் 30

வேலை முடிந்துவிட்டது. 8 லட்சம் என்று ஆரம்பித்தது 9 லட்சத்து 20 ஆயிரத்தில் நின்றது. ஆறரைக்குத் திட்டம் போடாமல் எட்டுக்கும் திட்டம் போட்டிருந்தால் இன்று கடனில் நின்றிருப்பேன். எட்டுக்கு மேல் போனதை மாமனார் கொடுத்து உதவினார்.

தரை அப்படியே இருக்கிறது. அடுப்படியில் வெட்டிய இடத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்தோம், பச்சையும் மஞ்சளும். அம்மா அடுப்படித் திறப்பின் இந்தப் பக்கம் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்து, அப்படியே கையை நீட்டி மனைவியிடம் கொடுக்கிறார். சுவர் முழுதாகப் போயிருந்தால் அவர் சாய்ந்து உட்கார இடம் இருந்திருக்காது. பூஜை அறைச் சுவர் ஆறு வாரம் காய்ந்த பிறகு பூசினோம். இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை, தைக்குப் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறோம்.

முந்தாநாள் இரவு மூன்று மணிக்குக் குளியலறை விளக்கு எரிவது தெரிந்து எழுந்து போனேன். அம்மா தானே போய்விட்டுக் கம்பியைப் பிடித்தபடி வெளியே வந்தார். "நீ ஏன் எழுந்து வந்தாய், போய்ப் படு" என்றார்.


கொத்தனார் மகள் | ஆகஸ்ட் 30

படித்து மனம் நிறைந்தது தம்பி. கடைசி 10 சதவீதத்தைக் கொடுத்துவிட்டீர்களா?


திருநகர்க்காரன் | அக்டோபர் 21

அக்கா, இந்த வாரம் மூன்று நாள் நல்ல மழை. பின் அறைக் கூரையை டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒரு பொட்டு ஈரம் இல்லை. இன்று காலை கொத்தனாரை வரச்சொல்லி, பாக்கியைக் கொடுத்து, தீபாவளிக்கு வேட்டியும் வைத்துக் கொடுத்தோம். வாசல் கேட்டுக்கு இரண்டாவது கோட் பெயிண்ட் மட்டும் மிச்சம். மழை விட்டதும் அவரே ஆளை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.